நூறு காசுப் பாக்கெட்

தை பிறந்து மிளகாய்ப் பழம் எடுக்கத் தொடங்கிவிட்டால் குளத்தூரில் சில்லறை அகப்படாது. புரட்டாசியில் விதைத்து, ஐப்பசி மழையை நம்பிக் கிடந்த கரிசல் காடு, ஒவ்வொன்றாக வீட்டுக்கு அனுப்புகிற காலம் அது. உளுந்து, பாசி, கம்பு, மல்லி, அப்புறம் மிளகாய், பருத்தி. காட்டுக்குக் காடு பெண்கள் இறங்குவார்கள். சாயங்காலம் கூலி எண்ணிக் கொடுக்க வேண்டும். நாலு பேர் கூலியை ஒரே நோட்டாகக் கொடுத்து ‘நீங்களே பிரிச்சுக்கோங்க’ என்று காட்டுக்காரர் போய்விட்டால், அந்த நாலு பேரும் நேராக எங்கள் கடைக்குத்தான் வருவார்கள். நோட்டை மாற்றுவதற்காகவே நாலணாவுக்கு வெல்லமோ பொரிகடலையோ வாங்குவார்கள். அப்பாவின் கல்லாவில் காலையில் இருந்த சில்லறை விளக்கு வைக்கும்முன் தீர்ந்துபோகும்.

அதனால் சனிக்கிழமை காலையில் மஞ்சப்பையும் நோட்டுமாக என்னை வங்கிக்கு விரட்டுவார். பன்னிரண்டு மணிக்கு வங்கியை அடைத்துவிடுவார்கள். 1980களின் கடைசி வருடங்கள். நான் உயர்நிலைப் பள்ளியில் படித்துக்கொண்டிருந்தேன். கம்பிக் கூண்டுக்குள் உட்கார்ந்திருந்த கேஷியர் திருநெல்வேலிக்காரர். முன்னால் எத்தனை பேர் நின்றாலும் வியாபாரிகளுக்கு வேண்டிய சில்லறையை முதலில் ஒதுக்கி வைத்துவிட்டுத்தான் மற்ற வேலை பார்ப்பார். ‘சில்லறை போனாத்தான் தம்பி ஊரு ஓடும்’ என்பார். தரையில் கோணிப்பை கிடக்கும். வாயைப் பிரித்து, தராசில் நிறுத்து, தகரத் தட்டில் கொட்டித் தருவார். நூறு நூறாகப் பாலிதீன் பாக்கெட்டில் போட்டுத் தருகிற வழக்கம் பிறகு வந்தது.

நான் காசு சேர்க்கத் தொடங்கியதற்கு அந்தக் கேஷியரே காரணம். கடைப் பலகையில் பத்துப் பத்தாக அடுக்கும்போது, சில காசுகளில் வருடத்துக்குக் கீழே பொடியாக ஏதோ இருப்பதைக் கவனித்து அவரிடம் கேட்டேன். கூட்டம் இல்லாத நேரம். ஒரு ரூபாய்க் காசுகள் நாலைப் பொறுக்கி எடுத்து வரிசையாக வைத்தார். வைரம் போலச் சாய்சதுரம் இருந்தால் பம்பாய். ஐந்து முனை நட்சத்திரம் ஐதராபாத். எதுவும் இல்லாவிட்டால் கல்கத்தா. வட்டப் புள்ளி இருந்தால் நொய்டா. அந்தப் புள்ளி அப்போதுதான் புதிதாக வந்திருந்தது. நொய்டா நாணய ஆலை 1988இல் தொடங்கியது. அதே ஆண்டில்தான் பத்துப் பைசாவும் நாலணாவும் எட்டணாவும் துருப்பிடிக்காத எஃகில் வந்தன. ‘இதெல்லாம் பாத்து ஒண்ணும் ஆவப் போறதில்ல. ஆனா பாக்கத் தெரிஞ்சிட்டா விடாது’ என்றார் அவர். விடவில்லைதான்.

காசு சேர்ப்பவர்களில் இரண்டு கட்சி உண்டு. ஒரு கட்சி பழசைத் தேடுகிறது. கரூர் அமராவதி மணலைச் சலித்தவர்கள், சங்ககாலப் பாண்டியரின் பெருவழுதிக் காசைப் பற்றிப் பேசினால் கண் விரிகிறவர்கள் எல்லாரும் அந்தக் கட்சி. இன்னொரு கட்சி, ஆலையிலிருந்து வந்த புதுக்காசு ஆள் கைப்படுவதற்கு முன் தனக்குக் கிடைக்க வேண்டும் என்று அலைகிறது. நான் இரண்டாம் கட்சி. பழசு தேடுகிறவருக்கு ஆறு, வியாபாரி, ஏலம் என்று பல வாசல்கள். எங்களுக்கு ஒரே வாசல், வங்கிக் கவுண்டர்தான். நாடு முழுவதும் நாலே ஆலைகள். அவை அடித்ததை ரிசர்வ் வங்கி பெரிய கிளைகளின் பெட்டகங்களுக்கும் சில்லறைக் கிடங்குகளுக்கும் அனுப்பும். அங்கிருந்து சிறிய கிளைகளுக்கு மூட்டை வரும். குளத்தூர் அந்தச் சங்கிலியின் கடைசிக் கண்ணி. எந்த ஆலைக் காசு, எந்த வருடத்துக் காசு வரும் என்பது மூட்டையைப் பிரிக்கும்வரை கேஷியருக்கே தெரியாது. எங்கள் பக்கம் வந்தவற்றில் நட்சத்திரமும் வைரமும்தான் அதிகம். புள்ளி கண்டால் எனக்குத் திருவிழா.

புதுமூட்டை இல்லாத நாட்களில், ஊரில் சுற்றி வங்கிக்கே திரும்பிய காசு கிடைக்கும். நியாயமாக அதில் எனக்கு ஆர்வம் இருந்திருக்கக் கூடாது. ஆனால் கொஞ்ச நாளில் அதைத்தான் அதிகம் ரசித்தேன். எங்கள் வட்டாரத்துக் காசுகளைக் கண்ணை மூடிக்கொண்டே பிரிக்கலாம். வைப்பாறு, வேப்பலோடைப் பக்கத்து உப்பளக்காரர்கள் மடியில் கிடந்த அலுமினியப் பத்துப் பைசா உப்பு தின்று குழிகுழியாக இருக்கும், விரல் வைத்தால் சொரசொரக்கும். கரிமூட்டம் போடுகிறவர்களிடமிருந்தும், லாரியில் கரி ஏற்றுகிறவர்களிடமிருந்தும் வந்தது எழுத்துப் பள்ளங்களில் கறுப்பு ஏறியிருக்கும், எத்தனை கழுவினாலும் போகாது. மிளகாய்க் கமிஷன் கடைச் சில்லறையை எண்ணிவிட்டுக் கண்ணைக் கசக்கியவன் அன்று முழுக்க அழ வேண்டும். அம்மா, வங்கியிலிருந்து வந்த பையை முற்றத்திலேயே வைக்கச் சொல்வாள். கை கழுவாமல் அடுப்படிக்குள் கால் வைக்க விடமாட்டாள்.

1990களின் இரண்டாம் பாதியில் சில்லறைத் தட்டுப்பாடு வந்தது. ஒரு ரூபாய், இரண்டு ரூபாய், ஐந்து ரூபாய் நோட்டு அச்சிடுவதை 1994, 1995 ஆண்டுகளில் அரசு நிறுத்திவிட்டது. அத்தனை பாரமும் காசின் தலையில். கடைகளில் மிச்சத்துக்கு மிட்டாய் தந்தார்கள். பேருந்தில் நடத்துநர் டிக்கெட்டுக்குப் பின்னால் பாக்கியை எழுதிக் கொடுத்துவிட்டு, இறங்கும்போது கேட்டால் முறைப்பார். உள்நாட்டு ஆலைகளால் ஈடுகொடுக்க முடியாமல் அரசு வெளிநாடுகளில் காசு அடித்து வாங்கியது. முன்பே ஒருமுறை அப்படி நடந்திருக்கிறது. 1985 ஒரு ரூபாயில் ஆங்கில ‘ஹெச்’ எழுத்து இருந்தால் அது இங்கிலாந்தில் பர்மிங்காமின் ஹீட்டன் ஆலையில் அடித்தது. 1988 நாலணாவில் ‘சி’ இருந்தால் கனடாவின் ஒட்டாவா. இம்முறை மெக்சிகோ, தென்னாப்பிரிக்காவின் பிரிட்டோரியா, ஸ்லோவாக்கியாவின் கிரெம்னிட்சா, மாஸ்கோ என்று பட்டியல் நீண்டது.

அப்போது நான் விளாத்திகுளம் பக்கம் ஆசிரியர் வேலையில் சேர்ந்துவிட்டேன். பழைய கேஷியர் மாற்றலாகிப் போய் வேறொருவர் வந்திருந்தார். ஒரு மாலை, கடையில் ஒரு ரூபாய்ப் பாக்கெட்டைப் பிரித்தபோது வருடத்துக்குக் கீழே ‘எம்கே’ என்று இரண்டு பொடி எழுத்துகள். கிரெம்னிட்சா. அந்த ஆலை 1328இல் தொடங்கியது என்று பிறகு படித்துத் தெரிந்துகொண்டேன். மதுரையில் சுல்தான்கள் ஆட்சி தொடங்குவதற்கும் முந்திய ஆலை. அங்கே அடித்த காசு கடல் தாண்டி, பெட்டகம் தாண்டி, கடைசியில் எங்கள் ஊர் மல்லிச் சாக்கின்மேல் வந்து உட்கார்ந்திருக்கிறது. அப்பாவிடம் காட்டினேன். கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு பார்த்தார். ‘செல்லுமா?’ என்றார். செல்லும் என்றேன். ‘அப்ப கல்லாவுல போடு’ என்றார்.

அமெரிக்காவில் இருக்கும் சித்தப்பா மகனுக்கும் இதே பைத்தியம். அங்கே வங்கியில் காசைக் காகிதக் குழலில் சுருட்டி வைத்திருப்பார்களாம். கால் டாலர் என்றால் ஒரு சுருளில் நாற்பது, பத்து டாலர். ஒரு செண்ட் என்றால் ஐம்பது. 1964 வரை அடித்த கால் டாலரிலும் அரை டாலரிலும் தொண்ணூறு சதவீதம் வெள்ளி. 1965 முதல் 1970 வரை வந்த அரை டாலரில் நாற்பது சதவீதம். அந்த வெள்ளிக்காகச் சுருள் சுருளாக வாங்கி உடைத்துப் பார்க்கிற கூட்டமே அங்கே இருக்கிறது. நமக்கு அந்த யோகம் கிடையாது. நம் ரூபாயின் வெள்ளி 1940இல் பாதியாகி, 1947இல் நிக்கலாகிவிட்டது. ஆச்சி காலத்து வெள்ளி ரூபாய்கள் மகள்களின் தண்டையாகவும் கொலுசாகவும் எப்போதோ உருகிவிட்டன. எங்கள் ஊர் மூட்டையில் தேடி எடுப்பது உலோகத்துக்காக அல்ல. அதனால்தான் இது வீட்டாருக்குப் புரிவதே இல்லை. வெள்ளி என்றால் என் மனைவிகூடக் கூட உட்கார்ந்து தேடியிருப்பாள்.

அவன் சொன்னதில் ஒரு விஷயம் மட்டும் எனக்குப் பெரிய சிக்கலாகப் பட்டது. ஒரு வங்கியில் வாங்கு, பொறுக்கியது போக மிச்சத்தை வேறொரு வங்கியில் கட்டு, ஒரே இடத்தில் இரண்டையும் செய்யாதே என்பது அவர்கள் தொழில் தர்மமாம். நல்ல தர்மம்தான். அதற்குத் தெருவுக்கு நாலு வங்கி வேண்டும்.

மிச்சம்தான் இந்தப் பொழுதுபோக்கின் உண்மையான வேலை. இதைப் பற்றி யாரும் எழுதுவதில்லை. நூறு காசு வாங்கினால் நான் வைத்துக்கொள்வது இரண்டோ மூன்றோ. சில சமயம் ஒன்றுமே இருக்காது. மீதித் தொண்ணூற்றுச் சொச்சம் என்ன ஆவது? அப்பா கடை நடத்தியவரை கவலையில்லை. வங்கியிலிருந்து வந்தது என் கை வழியாகக் கல்லாவுக்குப் போனது, அவ்வளவுதான். அப்பாவுக்கு முட்டிவலி முற்றி, கடையைக் கொடுத்த பிறகுதான் சில்லறையின் எடை எனக்குத் தெரிந்தது. கனத்த ஐந்து ரூபாய்க் காசு ஒன்று 9 கிராம், நூறு காசு கிட்டத்தட்ட ஒரு கிலோ.

திரும்ப வங்கியிலேயே கட்டலாம் என்றால், மூட்டையை எடுத்துப் போகும்போது மாப்பிள்ளையைப் போல வரவேற்ற அதே கவுண்டர், அதைத் திருப்பிக் கொண்டுவரும்போது முகம் கொடுக்காது. கேஷியர் பக்கம் நியாயம் இருக்கிறது. எண்ண ஆளில்லை, வைக்க இடமில்லை, மேலே அனுப்பினால் வாங்குவதில்லை. சட்டம் என் பக்கம் இருந்தது. காசு கட்டுவதற்கு உச்சவரம்பு எதுவும் கிடையாது, எந்தக் கிளையும் மறுக்கக் கூடாது என்று ரிசர்வ் வங்கி பலமுறை சொல்லியிருக்கிறது. ஒன்று, இரண்டு ரூபாய்க் காசுகளை எடைபோட்டு வாங்கலாம், நூறு நூறாகப் பாலிதீன் பையில் வாங்குவது இன்னும் வசதி என்று வழிகூடக் காட்டியிருக்கிறது. அந்தச் சுற்றறிக்கையை அச்செடுத்துப் பையில் வைத்திருந்தேன். ஒருநாளும் நீட்டவில்லை. சட்டம் பேசி ஒரு பாக்கெட்டைக் கட்டிவிடலாம், அடுத்த புதுமூட்டை வரும்போது நமக்கு ஆள் சொல்லி அனுப்ப மாட்டார்கள்.

ஆகவே நான் ஊருக்குச் சில்லறை சப்ளையர் ஆனேன். பொறுக்கி முடித்த பாக்கெட்டை மறுபடி நூறாக்கி, வாயை மெழுகுவர்த்தியில் ஒட்டி, தேவைப்பட்ட இடங்களில் கொடுத்துவிடுவேன். டீக்கடை, பலசரக்குக் கடை, கோவில்பட்டிப் பேருந்தின் நடத்துநர், பெட்ரோல் பங்க். நோட்டு வாங்கிக்கொள்வேன். பேருந்து நிறுத்தத்துப் பலசரக்குக் கடை அண்ணாச்சிதான் பெரிய வாடிக்கை. முதல் சில தடவை எண்ணாமல் வாங்கினார். பிறகு ஒருநாள் எண்ணிப் பார்த்து, ‘எல்லாம் சரியா இருக்கு சார். நல்ல காச நீங்க எடுத்துட்டு நசுங்கினத எங்களுக்குத் தாரீயளோன்னு நெனச்சேன்’ என்றார். எடுப்பதற்கு ஈடாக வேறு காசு போட்டுத்தான் நூறாக்குகிறேன், எல்லாமே ஒரே மதிப்பு என்று விளக்கினேன். ‘ஒரே மதிப்புன்னா எதுக்கு எடுக்கீய?’ என்றார். இந்தக் கேள்விக்கு இன்றுவரை நல்ல பதில் என்னிடம் இல்லை.

அதே அண்ணாச்சி ஒரு காசுக்கு மட்டும் என்னிடம் கெஞ்சினார். காமராசர் நூற்றாண்டுக்காக 2003 என்று வருடம் போட்டு வந்த 5 ரூபாய். நினைவு நாணயம் ஒன்று வருகிறது என்று செய்தி வந்தாலும், அது குளத்தூர் வரை வந்துசேர மாதக்கணக்காகும், வராமலே போவதும் உண்டு. திருவள்ளுவர் உருவத்துடன் 1995 உலகத் தமிழ் மாநாட்டுக் காசு வந்தபோதே பார்த்திருக்கிறேன், ஒரு பாக்கெட்டில் நாலைந்து கலந்து வந்தால் அதிகம். காமராசர் காசு வந்த வாரம் மட்டும் வங்கியில் வழக்கமில்லாத கூட்டம். விருதுநகர் எங்களுக்கு எட்டிவிடும் தூரம். கரிசல் ஊர்களில் அவர் படம் இல்லாத கடை அரிது. கேஷியர் மூட்டையை எனக்குத் தரவில்லை, யாருக்கும் பாக்கெட்டாகத் தரவில்லை. ஆளுக்கு ரெண்டு என்று நிறுத்திவிட்டார். நான் அவரிடம் கோபித்துக்கொண்டேன், இப்போது யோசித்தால் அவர் செய்ததுதான் சரி. அந்தக் காசு ஊரில் புழங்கவே இல்லை. கடைக்குக் கடை கல்லாப்பெட்டியின் மூலையில் மஞ்சள் தடவி வைத்துவிட்டார்கள். ஒரு மூட்டைப் புதுக்காசு ஒரே வாரத்தில் புழக்கத்திலிருந்து மறைந்ததை அப்போது மட்டும்தான் பார்த்தேன். அண்ணா நூற்றாண்டுக்கு 2009இல் வந்த 5 ரூபாயில் அவர் கையெழுத்தைத் தமிழிலேயே போட்டிருந்தார்கள். அதையும் மக்கள் வைத்துக்கொண்டார்கள், ஆனால் இந்த வேகத்தில் இல்லை.

கனத்த ஐந்து ரூபாய் மறைந்ததற்கு வேறொரு கதையும் உண்டு. அந்தச் செம்பு-நிக்கல் காசை எல்லை தாண்டிக் கடத்தி, உருக்கிச் சவர பிளேடு செய்கிறார்கள் என்று 2007இல் செய்திகள் வந்தன. காசின் முகமதிப்பைவிட உலோக மதிப்பு கூடிவிட்டது. அந்த ஆண்டு ஐந்து ரூபாய் 6 கிராம் எஃகுக்கு இளைத்தது. கேஷியர் புதுசைக் கையில் வைத்துத் தூக்கிப் பார்த்து, ‘சாப்பாடு போடலையா இதுக்கு’ என்றார்.

கோவில்பட்டி வட்டாரத்துக்காரன் காசைப் பற்றி எழுதிவிட்டுத் தீப்பெட்டியை விட்டால் மன்னிக்க மாட்டார்கள். தீப்பெட்டிக்குச் சில்லறை மிச்சம் கொடுத்து யாரும் பார்த்திருக்க முடியாது. அதன் விலை எப்போதும் ஒரே காசு. நாலணாவாக இருந்தது 1995இல் எட்டணா ஆயிற்று. 2007இல் ஒரு ரூபாய். பதினாலு வருடம் அப்படியே நின்று, 2021 டிசம்பர் 1 முதல் இரண்டு ரூபாய். இடையில் ஒன்றரை ரூபாய்க்கு ஏற்றலாமே என்று யாருக்கும் தோன்றவில்லை, அதற்குள் எட்டணா செத்துவிட்டது. எட்டணாவைக் கொன்றதே தீப்பெட்டிதான் என்பது என் கட்சி. பெட்டிக்கடையில் எட்டணா நீட்டி வாங்கக்கூடிய கடைசிப் பொருள்களில் ஒன்று ஒரு ரூபாய்க்குப் போனதும், எங்கள் ஊரில் அந்தக் காசை வாங்குவாரில்லை.

சட்டப்படி அது சாகவில்லை. நாலணாவும் அதற்குக் கீழுள்ளவையும் 2011 ஜூன் 30ஓடு செல்லாமல் போயின. எட்டணா இன்றும் செல்லும், 2011 நாணயச் சட்டம் பத்து ரூபாய் வரை எட்டணாவாகக் கொடுத்தால் வாங்கித்தான் ஆக வேண்டும் என்கிறது. வாங்கச் சொல்லிப் பாருங்கள். எனக்கு இதில் லாபம். 2008இல் மடக்கிய முஷ்டி போட்ட எட்டணா வந்தது, ஒரு ரூபாயில் கட்டைவிரல், இரண்டு ரூபாயில் இரண்டு விரல் என்று வந்த வரிசையில் அது கடைசி. அந்தப் பாக்கெட்டுகளைக் கேட்பார் யாருமில்லாமல் கேஷியர் காலடியில் வைத்திருந்தார். ‘எத்தனை வேணும்னாலும் எடுத்துக்கோங்க, திரும்ப மட்டும் வந்துராதீங்க’ என்று நிபந்தனை போட்டார். முழுப் பாக்கெட்டாக, ஒன்றும் பொறுக்காமல், வாயைத் திறக்காமல் நான் வைத்திருப்பது அது ஒன்றுதான். ஐம்பது ரூபாய்ச் சொத்து.

பிறகு பத்து ரூபாய்க் காசு. அதைப் பற்றி ஊரில் பரவிய வதந்தி, சேகரிப்பவனுக்கு அடித்த அதிர்ஷ்டம். ரூபாய்ச் சின்னத்துடன் பத்துக் கோடு இருந்தால் நல்லது, பதினைந்து கோடு இருந்தால் கள்ளக்காசு என்று யாரோ கிளப்பிவிட, கொஞ்ச நாளில் எந்தக் கோடும் எண்ணாமல் எல்லாக் கடையும் மறுத்தது. ‘மெட்ராஸ்ல வாங்குவான், இங்க செல்லாது’ என்று நடத்துநர் கையை விரிப்பார். ஒரே நாட்டில் ஒரே காசு ஒரு மாவட்டத்தில் செல்லி, அடுத்ததில் செல்லாமல் போனது. பதினாலு வடிவங்களும் செல்லும் என்று ரிசர்வ் வங்கி 2018 ஜனவரியில் அறிவித்தது. சந்தேகம் தீர 14440 என்ற எண்ணும் கொடுத்தது. எங்கள் ஊர் அசையவில்லை. 2022இல் தருமபுரிப் பக்கம் ஒருவர் கிட்டத்தட்ட ஆறு லட்சம் ரூபாயைப் பத்து ரூபாய்க் காசாகவே கொட்டிக் கார் வாங்கினாரே, அதுவரை இந்த வழக்கு நீண்டது.

2016 நவம்பரில் பழைய ஐந்நூறும் ஆயிரமும் செல்லாமல் போன நாட்களில் இது உச்சம். வரிசையில் நின்றவர்களுக்கு நோட்டு போதாமல் சில இடங்களில் காசாகவும் கொடுத்தார்கள். எங்கள் தெருப் பெரியம்மா தன் சொந்தப் பணத்தை எடுக்கப் போய் ஆயிரம் ரூபாய்க்கு ஒரு பத்து ரூபாய்ப் பாக்கெட்டைச் சுமந்துகொண்டு வந்தாள். ஒரு கடையும் வாங்காது என்று தெரிந்து நேராக என் வீட்டுத் திண்ணையில் வைத்தாள். ‘நீதான் இந்தக் கிறுக்கு புடிச்சவனாமே, மாத்திக் குடு’ என்றாள். கையிலிருந்த நூறு ரூபாய் நோட்டுகளைக் கொடுத்தேன், அப்போது அவை எனக்கே அருமையாக இருந்த நோட்டுகள். அந்தப் பாக்கெட்டில் நாடாளுமன்றத்தின் அறுபதாண்டுக் காசும் கயிறு வாரியக் காசும் அம்பேத்கர் காசும் இருந்தன. செய்தி பரவியது. தெருவில் பயந்தவர்கள் எல்லாரும் கொண்டுவந்தார்கள். அந்தப் பத்து ரூபாய் வரிசையை நான் முழுமையாக்கியது ஊரின் பயத்தால்தான். சொல்லிக்கொள்ளப் பெருமையான விஷயம் இல்லை, ஆனால் உண்மை.

திண்ணைக்கு வந்த இன்னொரு கூட்டம் வேறு ரகம். வைஷ்ணவி தேவி உருவம் போட்ட 2012 காசுக்கு லட்சம் தருவார்கள் என்று கைபேசியில் வந்ததைக் காட்டி, விலை சொல்லச் சொல்வார்கள். அந்தக் காசைப் பாக்கெட்டில் சும்மா பார்க்கலாம், அதன் மதிப்பு அதில் போட்டிருப்பதுதான் என்று சொன்னால் நான் அமுக்கப் பார்க்கிறேன் என்று சந்தேகப்படுவார்கள். தன் பெயரைச் சொல்லிப் பழைய காசு, நோட்டு வாங்குவதாக ஏமாற்றுகிறார்கள் என்று 2021 ஆகஸ்டில் ரிசர்வ் வங்கியே எச்சரிக்க வேண்டியிருந்தது. நூறு ரூபாய்க் காசு கேட்டு வருகிறவர்களும் உண்டு. எம்.ஜி.ஆர். நூற்றாண்டுக் காசின்போது கேட்டார்கள், 2024 ஆகஸ்டில் கலைஞர் காசு வெளியிட்டபோதும் கேட்டார்கள். அந்த மதிப்பில் வருவது புழக்கத்துக்கே விடப்படுவதில்லை, எந்த மூட்டையிலும் வராது என்று கவுண்டரில் கேஷியரும் திண்ணையில் நானும் ஒரே பாட்டைப் பாடினோம்.

இப்போது தை மாதத்தில் சில்லறைக்கு யாரும் அடித்துக்கொள்வதில்லை. மிளகாய் எடுக்கிற பெண்ணுக்குக் கூலி மகன் கைபேசிக்குப் போகிறது. டீக்கடைத் தூணில் கட்டம் போட்ட அட்டை தொங்குகிறது. காசு மூட்டைகள் வந்து வங்கியிலேயே கிடக்கின்றன. காசை வெளியே தள்ளினால் வங்கிக்கு மூட்டைக்கு 25 ரூபாய் ஊக்கத்தொகை இருந்தது. அதை 2021 செப்டம்பரிலிருந்து 65 ஆக்கினார்கள், கிராமப்புறம் என்றால் மேலும் பத்து. மதிப்புள்ள வாடிக்கையாளர் என்று என்னைச் சொல்ல வங்கிக்கு இப்போது கணக்கில் காட்டக்கூடிய ஒரு காரணம் இருக்கிறது.

இப்போதைய கேஷியர் ஆந்திராவிலிருந்து வந்த இளம் பெண். தமிழை வேகமாகக் கற்றுக்கொண்டார். போன மாதம் நான் வேறு வேலையாகப் போயிருந்தபோது, கண்ணாடிக்கு அப்பாலிருந்து கூப்பிட்டு, ‘சார், இருபது ரூபாய் வந்திருக்கு, யாரும் கேக்கல’ என்றார். பன்னிரண்டு பக்கம் கொண்ட அந்தக் காசில் தானியக் கதிர் போட்டிருக்கும், விவசாயத்துக்காக. விதைத்து அறுக்கிற ஊரில் அதைத்தான் யாரும் கேட்கவில்லை. பாக்கெட்டைப் பாலிதீனுக்கு வெளியிலிருந்தே திருப்பிப் பார்த்தேன். நொய்டாப் புள்ளி, அதே வருடம், என்னிடம் ஏற்கெனவே இருப்பது. வேண்டாம் என்று சொல்ல வாய் வரவில்லை. இரண்டாயிரம் ரூபாய் எண்ணிக் கொடுத்துவிட்டு நேராக அண்ணாச்சி கடைக்குப் போனேன்.

அவர் பாக்கெட்டைத் தூக்கி எடை பார்த்தார்.

‘இதுல எத்தன எடுத்தீய?’

‘ஒண்ணும் எடுக்கல அண்ணாச்சி, இன்னும் பிரிக்கவே இல்ல.’

‘அப்ப இதுல நல்ல காசே இல்லைங்கீய’ என்று சொல்லிவிட்டு, நாலு ஐந்நூறு ரூபாய் நோட்டை எண்ணிக் கொடுத்தார்.